பாதுகாப்பின் பெயரால் வாங்கிய கைமாற்று

வணிகர்களுக்குக் 'கைமாற்று' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு அண்டைக் கடைக்காரரிடம் வாங்குகிற பணம் அது. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. "நாலு நாளில் தந்துவிடுகிறேன்" என்ற வாய்ச்சொல்தான் ஈடு. சொன்னபடி திருப்பிக் கொடுத்தால் நட்பு வளரும். நாள் கடத்தினால் அது கடனாகும். கேட்பவரையே முறைத்துப் பார்க்கத் தொடங்கினால் அதற்கு வேறு பெயர் உண்டு.

ஒரு நாடு தன் குடிமக்களின் உரிமையையும் இப்படித்தான் கைமாற்றாக வாங்குகிறது. "ஆபத்துக் காலம். உங்கள் சுதந்திரத்தில் கொஞ்சம் கொடுத்து வையுங்கள், நிலைமை சீரானதும் தந்துவிடுகிறோம்" என்கிறது. அப்படி வாங்கியது திரும்பி வந்ததா? எந்த இலட்சியங்களின் மேல் நம் நாடு எழுப்பப்பட்டதோ, அவற்றையே பாதுகாப்பின் பெயரால் அது கைவிட்டதா? சட்டம் படித்தவனல்ல நான். மும்பையில் மஞ்சள், மிளகாய் வியாபாரம் செய்பவன். ஆனாலும் கணக்குப் பார்க்கத் தெரியும். எழுபத்தைந்து ஆண்டுப் பேரேட்டைப் புரட்டி ஓர் ஐந்தொகை எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் வரவு: 1919

நம் விடுதலைப் போராட்டம் மக்கள் இயக்கமானது எதை எதிர்த்து என்று நினைவிருக்கிறதா? உப்பு வரிக்கும் முன்னால், ரௌலட் சட்டத்தை எதிர்த்து. முதல் உலகப் போர்க்காலத்தில் 'தற்காலிகமாக' எடுத்துக்கொண்ட அதிகாரங்களைப் போர் முடிந்த பிறகும் விட மனமில்லாமல், 1919 மார்ச்சில் ஆங்கில அரசு இச்சட்டத்தைக் கொண்டுவந்தது. சந்தேகம் என்ற ஒன்றே போதும், விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைக்கலாம். "வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை" என்று மக்கள் அதைச் சுருக்கமாகச் சொன்னார்கள். சட்டசபையில் இருந்த மாளவியாவும் ஜின்னாவும் பதவி துறந்தார்கள்.

இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அப்போது சென்னைக்கு வந்து ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்த காந்தியடிகளுக்கு, நாடு முழுவதும் ஒருநாள் கடையடைப்பும் உண்ணாநோன்பும் நடத்தலாம் என்ற எண்ணம் அங்கே ஓர் இரவில்தான் தோன்றியது. தம் சுயசரிதையில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார். ஏப்ரல் 6 அன்று நாடே கடையடைத்தது. ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக். 1922இல் அந்தச் சட்டத்தை ஆங்கிலேயரே நீக்கினார்கள்.

ஆக, நம் நாட்டின் அடித்தள இலட்சியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான்: குற்றம் என்னவென்று சொல்லாமலும், எதிர்வாதம் கேளாமலும் ஒரு மனிதனை அடைத்து வைக்கக் கூடாது. இதற்காகத்தான் அந்தத் தலைமுறை அடிபட்டது.

முதல் பற்று: 1950

அதே தலைமுறை ஆட்சிக்கு வந்தது. அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தது. 21ஆம் பிரிவில், சட்டம் வகுத்த முறைப்படியல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்று எழுதியது. அடுத்த 22ஆம் பிரிவிலேயே தடுப்புக் காவலுக்கு இடம் கொடுத்தது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் தடுப்புக் காவலில் உள்ளவருக்கு இவை பொருந்தா என்றும் அதே மூச்சில் சொல்கிறது! போர்க்காலம், அமைதிக் காலம் என்ற வேறுபாடுகூட அதில் இல்லை. சிறையனுபவம் பெற்ற மகாவீர் தியாகி போன்ற உறுப்பினர்கள் அரசியல் நிர்ணய சபையில் இதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார்கள்.

1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரே மாதத்தில், பிப்ரவரி இறுதியில், தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த சர்தார் பட்டேல், இதை எண்ணிப் பல இரவுகள் தூக்கமின்றித் தவித்ததாகச் சபையில் சொன்னார். அவரைக் குறை சொல்வதும் எளிதல்ல. பிரிவினையின் இரத்தம் காயவில்லை; காந்தியடிகள் கொலையுண்டு இரண்டே ஆண்டு; தெலுங்கானாவில் ஆயுதக் கிளர்ச்சி. அதனால்தான் ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லி அச்சட்டத்தை இயற்றினார்கள். அந்த ஓராண்டு, நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக, 1969 டிசம்பர் 31 வரை ஓடியது. கைமாற்று கடனான கதை இது.

சட்டம் வந்தவுடனே வழக்கும் வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பர் முதலே சென்னை மாகாணச் சிறைகளில் இருந்தார். புதிய சட்டத்தின் கீழ் அவரைச் சிறைக்குள்ளேயே மறுபடி காவலில் வைத்தார்கள். உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முதல் பெரிய உரிமை வழக்கு அவருடையதுதான். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்ற ஒரு பிரிவை நீதிபதிகள் தள்ளினார்கள். மற்றபடி சட்டம் செல்லும் என்று 1950 மே மாதம் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி பசல் அலி மாறுபட்டார். நடைமுறை என்று எதையோ எழுதி வைத்துவிட்டால் போதாது, அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற அவர் பார்வையை, 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான் நீதிமன்றம் முழுதாக ஏற்றுக்கொண்டது. இருபத்தெட்டு ஆண்டு!

தேவளியில் நடந்தது

அடுத்த பக்கம், வெளிமாநிலத்தில் வாழும் நாம் நிதானமாகப் படிக்க வேண்டியது.

1962 அக்டோபரில் சீனா படையெடுத்தது. அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் தலைமுறைகளாகக் குடியிருந்த சீன வம்சாவளியினரில் சுமார் 3,000 பேரைக் குடும்பத்தோடு ரயிலேற்றி, ராஜஸ்தானின் தேவளி முகாமில் அடைத்தார்கள். தச்சர், செருப்புக் கடைக்காரர், தேயிலைத் தோட்டத் தொழிலாளி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். உளவு பார்த்தார் என்று ஒவ்வொருவர் மேலும் விசாரணை நடக்கவில்லை. தாத்தாவோ பாட்டியோ சீனக் குடிமகனாக இருந்தாலும் போதும் என்கிற அளவுக்கு விதிகள் விரிந்தன. நவம்பர் 21 அன்று சண்டை ஓய்ந்தது. முகாமில் இருந்தவர்களில் சிலருக்கோ ஆண்டுக்கணக்கில் விடுதலை இல்லை. பலருடைய வீடும் கடையும் பறிபோயின. அந்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை நீடித்தது.

இந்தத் தேவளி முகாமுக்கு முன்கதை ஒன்று உண்டு. 1941இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனை ஆங்கிலேயர் அடைத்து வைத்திருந்த அதே தேவளிதான் இது. அடைத்தவர் கை மாறியது, முகாம் மாறவில்லை.

அமெரிக்காவும் இரண்டாம் உலகப் போரில் இதே காரியத்தைச் செய்தது. ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. ஆனால் 1988இல் சட்டம் இயற்றி, மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனாலும் கடனைக் கடன் என்று ஒப்புக்கொண்டது. அதுபோன்ற சட்டம் நம் நாடாளுமன்றத்தில் வரவில்லை.

பேரேடே பூட்டப்பட்ட காலம்

1971இல் மிசா வந்தது. 1975 ஜூன் 25 இரவு உள்நாட்டு நெருக்கடி நிலை வந்தது. ஜெயப்பிரகாஷ் மறுபடி சிறைக்குப் போனார், இம்முறை சுதந்திர இந்தியாவின் கைதியாக. ஷா ஆணையத்தின் கணக்குப்படி, மிசாவின் கீழ் 34,988 பேர். பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேர். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டதும் கைதுகள் தொடங்கின. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டார்கள். பின்னர் அதை நீதிபதி எம்.எம். இஸ்மாயில் விசாரித்தார். சிறையில் அடிபட்ட முன்னாள் சென்னை மேயர் சிட்டிபாபு 1977இல் உயிரிழந்தார்.

ஒன்பது உயர் நீதிமன்றங்கள், நெருக்கடி நிலையிலும் கைதிகள் ஆட்கொணர்வு மனுப் போடலாம் என்றன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மறுத்தது. அவ்வழக்கில், ஒரு காவலர் பகையினால் ஒருவரைச் சட்டவிரோதமாகக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். இல்லை என்பதே அரசுத் தலைமை வழக்கறிஞரின் பதிலாக இருந்தது. கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. அவர் விலகினார்.

இதற்கும் வரவு உண்டு, மறைக்கக் கூடாது. 1978இல் 44ஆம் திருத்தம் வந்தது. எந்த நெருக்கடியிலும் 20, 21 பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாது என்று ஆக்கியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. அன்று பெரும்பான்மையில் இருந்த நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், அவர் கருத்தைத் தள்ளி எழுதியவர் அவருடைய மகனே.

ஆனால் அதே 44ஆம் திருத்தத்தில் இன்னொன்றும் இருந்தது. ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறாமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும் காலம் மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறையும் என்றது. நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது; அந்தப் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை மட்டும் எந்த அரசும் வெளியிடவில்லை. ஜனதா, காங்கிரஸ், பாரதிய ஜனதா என்று கட்சிகள் வந்து போயின. காசோலை எழுதியாயிற்று, கையெழுத்துப் போட்டாயிற்று. வங்கியில் கட்டத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

கைமாற்று கிரயமான விதம்

இங்கே வாசகர்கள் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். பழைய சட்டங்களுக்குக் கெடு இருந்தது. 1985இல் வந்த தடா இரண்டாண்டுக்கென்று இயற்றப்பட்டது; 1987இல் மறுபடி இயற்றி, நீட்டி நீட்டி, 1995 மே மாதம் காலாவதியாக விட்டார்கள். அதற்குள் 76,000க்கும் மேற்பட்டோர் அதில் கைதானார்கள். தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலரே. 2002இல் வந்த பொடா மூன்றாண்டுக்கென்று வந்து, 2004இல் நீக்கப்பட்டது. கெடு இருந்ததால் ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தில் "இன்னும் வேண்டுமா?" என்று கேட்க வேண்டியிருந்தது.

பொடாவை நீக்கிய அதே 2004இல், பயங்கரவாதம் பற்றிய அதன் பிரிவுகளில் பலவற்றை எடுத்து, 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். காவலரிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம் என்ற விதியை விட்டுவிட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், அது நன்று. ஆனால் இந்தச் சட்டத்துக்குக் கெடு கிடையாது. 2008இல், மும்பைத் தாக்குதலுக்குப் பின், குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை காவலில் வைக்கலாம், குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தோன்றினாலே ஜாமீன் மறுக்க வேண்டும் என்றெல்லாம் இறுக்கினார்கள். 2019இல், அமைப்பை மட்டுமின்றித் தனிமனிதரையும் பயங்கரவாதி என்று அரசே அறிவிக்கலாம் என்று ஆனது. தடுப்புக் காவலிலும் இதே கதைதான்: ஓராண்டுக்கென்று தொடங்கிய சட்டம் போய், கெடுவில்லாத தேசிய பாதுகாப்புச் சட்டம் 1980இல் வந்தது. கைமாற்று, கடனாகி, கடைசியில் கிரயப் பத்திரமாகவே ஆகிவிட்டது.

நம் சொந்த மாநிலமும் இதில் சளைத்ததல்ல. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 'குண்டர் சட்டம்' முதலில் கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரௌடிகள் போன்றவற்றுக்கு என்று வந்தது. 2004இல் திருட்டு வி.சி.டி. விற்பவரும் அதற்குள் வந்தார். திருட்டு வி.சி.டி. குற்றம்தான், அதற்கு விசாரணையின்றி ஓராண்டுக் காவலா? கதவைத் திறந்து வைத்துவிட்டால் உள்ளே வருவதற்கு எல்லை இல்லை.

இச்சட்டங்கள் நடைமுறையில் எப்படி வேலை செய்தன என்பதற்குத் தமிழர் அறிந்த மூன்று நிகழ்ச்சிகள் போதும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், இவ்வழக்குக்குத் தடா பொருந்தாது என்று கூறி, 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்முறையீடு என்று ஒன்று இல்லாதிருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது. 2002இல் பொடா சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்த கட்சி வைகோவினுடையது; அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக, அதே சட்டத்தில் அவர் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். கத்தியைத் தீட்டிக் கொடுக்கும்போது அது யார் கைக்குப் போகும் என்பது தெரிவதில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடியினரிடையே வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் 83 வயதில் கைதானார். நடுக்குவாத நோயால் டம்ளர் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப்போட வேண்டியிருந்தது. விசாரணை தொடங்குமுன், ஜாமீனுக்குக் காத்திருந்த நிலையில், 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர்மேல் சொல்லப்பட்ட குற்றம் உண்மையா பொய்யா? அதைத் தீர்ப்பதற்குத்தானே விசாரணை? அவர் வாழ்நாளில் அது நடக்கவில்லை.

மறுதரப்பையும் கேட்போம்

ஒரு பொருளைப் பல பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் சமணத்தின் அநேகாந்தவாதம். ஆகவே மறுதரப்பையும் அதே தராசில் வைக்கிறேன்.

1993 மார்ச் 12 அன்று வெடித்த குண்டுகளில் ஒன்று காத்தா பஜாரில் வெடித்தது. என் மண்டிக்கு அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். அன்று நகரம் முழுவதும் 257 பேர் இறந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், கணக்குப்பிள்ளைகள், சாமான் வாங்க வந்தவர்கள். 2008 நவம்பரில் 166 பேர். இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவனிடம் வந்து "பாதுகாப்பு என்பது வெறும் சாக்கு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். உயிரோடு இருப்பதும் உரிமைதான், சொல்லப்போனால் முதல் உரிமை. அதைக் காக்காத அரசு அரசே அல்ல.

ஆனால் அதே 2008 தாக்குதலில் பிடிபட்ட கசாப்பை நாம் என்ன செய்தோம்? கையில் துப்பாக்கியோடு அவன் நின்ற படத்தை உலகமே பார்த்தது. அப்படியிருந்தும் அரசுச் செலவில் வழக்கறிஞர் வைத்து, சாட்சிகளை விசாரித்து, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், கருணை மனு என்று ஒவ்வொரு படியும் ஏறி, 2012 நவம்பர் 21 அன்றுதான் தண்டனையை நிறைவேற்றினார்கள். "இவனுக்கெல்லாம் விசாரணையா?" என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டோம். ஆனால் அதே வழக்கில் உடன் நிறுத்தப்பட்ட இரண்டு இந்தியர்கள், சாட்சியம் நிற்காததால் விடுதலையானார்கள். முறையான விசாரணை இல்லாதிருந்தால் அந்த இருவர் கதி என்ன? இலட்சியத்தையும் பாதுகாப்பையும் சேர்த்துக் காக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நாடு இதனால் பலவீனப்படவில்லை.

ஐந்தொகை

ஆகவே, நாடு தன் இலட்சியங்களைக் கைவிட்டதா என்றால், ஒரேயடியாக "ஆம்" என்று எழுத என் கை வரவில்லை. கைவிட்ட நாட்டில் ஒரு கன்னாவுக்கும், 44ஆம் திருத்தத்துக்கும், 2017ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் இடமிருந்திருக்காது. ஆபத்தில் கைமாற்று வாங்குவதும் துரோகம் ஆகாது. திருப்பித் தரும் நாளைக் குறிக்க மறுப்பதும், வாங்கியதையே மறப்பதும்தான் துரோகம். அந்த வகையில் பார்த்தால் நம் பேரேட்டில் பற்று அதிகம், வரவு குறைவு.

இனி ஒரு புதிய பாதுகாப்புச் சட்டம் வரும்போது, எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் சரி, நான்கு கேள்விகள் கேட்கலாம் என்பது என் சிற்றறிவுக்கு எட்டியது. இதற்குக் கெடு உண்டா? கைதானவரின் பக்கத்தைச் சார்பற்ற ஒருவர் சீக்கிரமாகக் கேட்பாரா? ஒருவர் செய்த செயலுக்காகவா, அல்லது அவர் பிறந்த இனத்துக்கும் ஊருக்குமாகவா பிடிக்கிறார்கள்? தவறாகப் பிடிபட்டவருக்கு இழந்ததை ஈடு செய்வார் உண்டா? நாலுக்கும் "இல்லை" என்றால், அது கைமாற்று அல்ல.

இதெல்லாம் நமக்கு எதற்கு, நாம் உண்டு நம் வேலை உண்டு என்று சில அன்பர்கள் நினைக்கலாம். அவர்களுக்குச் சிலப்பதிகாரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். கோவலன் யார்? புகாரிலிருந்து மதுரைக்குப் பிழைப்புத் தேடி வந்த வணிகன். அந்த ஊரில் அவனைத் தெரிந்தவர் இல்லை. அரண்மனைச் செல்வாக்குள்ள பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லே சாட்சியாயிற்று. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கோவலன் கொண்டுவந்ததில் இருந்தவை மாணிக்கங்கள். ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? அந்த அரை நாழிகையைத்தான் பாண்டியன் செலவிடவில்லை. கண்ணகி வந்து உடைத்துக் காட்டிய பிறகு அவன் உயிர் விட்டான் என்பதால் காப்பியம் அவனை மதிக்கிறது. ஆனால் கோவலன் திரும்பி வரவில்லை.

பாதுகாப்பின் பெயரால் சந்தேகம் எழும்போது முதலில் விரல் நீள்வது, வேறு மொழி பேசி, வேறு ஊரிலிருந்து வந்து கடை வைத்திருப்பவனை நோக்கித்தான். தேவளிக்குப் போனவர்களும் ஒரு காலத்தில் தங்கள் ஊரில் சங்கம் வைத்து, புத்தாண்டு கொண்டாடி, மலர் வெளியிட்டு வாழ்ந்த நம்மைப் போன்ற குடும்பங்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆகவே இந்த மலரைப் பெறும் ஒவ்வொரு வீட்டிலும், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அரசியல் சட்டத்தின் 21, 22 பிரிவுகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து இரண்டு பக்கம்கூட வராது. நமக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று தெரிந்து வைத்திருந்தால்தான், என்றாவது ஒருநாள் மரியாதையோடு கேட்டு வாங்க முடியும்.